கல்வராயன் மலையில இருந்து இன்டர்வியூவுக்கு... முதல் 2 நிமிஷத்துல என்ன நடக்குது? என்ன செய்யணும்?

வெள்ளிமலையில இருந்து காலையில பஸ் ஏறி, கோமுகி அணை வழியா இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி கள்ளக்குறிச்சிக்கு வந்து சேரும்போதே பாதித் தெம்பு போயிருக்கும். வளைவுல குமட்டல், வியர்வை, கசங்கின சட்டை. அங்கிருந்து நேரா நேர்முகத் தேர்வு அறைக்குள்ள போனா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு இந்தப் பயணக் கதை எதுவும் தெரியாது. கண்ணுக்குத் தெரியறது சோர்ந்து போன ஒரு முகம் மட்டும்தான்.

2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா உதயமானது. அதுக்கு முன்னாடி மாவட்ட அளவிலான தேர்வுன்னா விழுப்புரம் வரைக்கும் போகணும். இப்போ தூரம் குறைஞ்சிருக்கு, வாய்ப்பும் கூடுது. தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் ரூ.2,302 கோடியில் காலணி தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. சொல்லப்பட்ட வேலைவாய்ப்பு 20,000 பேருக்கு. அதனால முதல் முறையா ஒரு இன்டர்வியூவில் உட்காரப் போறவங்க இந்த மாவட்டத்துல நிறையவே இருக்காங்க.

எந்த வேலைக்கு நேர்காணல், எதுக்கு இல்ல?

இதுல பலருக்கும் குழப்பம் இருக்கு. மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், கெஜட்டட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் கிடையாது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4ல் எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு மட்டும்தான். குரூப் 2வில் இருந்த நேர்காணலும் 2024ல் நீக்கப்பட்டுடுச்சு. குரூப் 1ல் மட்டும் தொடருது: முதன்மைத் தேர்வு 750, நேர்காணல் 100, மொத்தம் 850.

ரேஷன் கடை விற்பனையாளர் வேலை இதுக்கு நேர் எதிர். அங்க எழுத்துத் தேர்வே இல்ல. பிளஸ் 2 மதிப்பெண்ணும், மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம் நடத்தும் நேர்காணலும்தான் கணக்கு. ஆக, மேசைக்கு எதிர்ல உட்கார்ற அந்தச் சில நிமிஷத்துக்கு ரொம்பவே எடை இருக்கு. தனியார் கம்பெனிகளைப் பத்தி சொல்லவே வேணாம்.

முகத்தைப் பார்த்தே முடிவு பண்றாங்களா?

ஓரளவுக்கு ஆமா. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேனின் வில்லிஸ், அலெக்சாண்டர் தொடொரோவ் இருவரும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், தெரியாத ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே, இவர் நம்பகமானவரா, திறமைசாலியான்னு மனசு ஒரு கருத்துக்கு வந்துடுதுன்னு தெரிஞ்சது. கூடுதல் நேரம் கொடுத்தா அந்தக் கருத்து பெருசா மாறல, அதன் மேல நம்பிக்கைதான் கூடுது. அந்தக் கருத்து சரியா தப்பாங்கிறது வேற விஷயம்.

இந்த ஆபத்து நீதிமன்றத்துக்கும் தெரியும். ஸ்ரீநகர் மண்டல பொறியியல் கல்லூரி சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண் வச்சிருந்தாங்க. ஒருத்தருக்கு 2, 3 நிமிஷம்தான். அதுலயும் அப்பா யாரு, எந்த ஊருன்னுதான் கேட்டாங்க என்பது மாணவர்களின் புகார். அஜய் ஹாசியா வழக்குன்னு பேர் பெற்ற அதில், 1980 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட சேர்க்கையில் நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானதுன்னு சொன்னது. குரூப் 1ல் இப்போ இருக்கிறது 12 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழ. யுபிஎஸ்சி சிவில் சர்வீஸில் 2,025க்கு 275, அதாவது சுமார் 13.6.

"கள்ளக்குறிச்சியா? ஓஹோ..."

அந்த "ஓஹோ"வுக்கு என்ன பதில் சொல்றது? இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே வர்ற சிக்கல் இது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் குடிச்சு 60க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அதுக்கப்புறம் ஊர்ப் பேரைச் சொன்னாலே சிலர் சாராயப் பேச்சைத்தான் எடுக்கறாங்க. கல்வராயன் மலைன்னா இன்னும் கூடுதலா. விளையாட்டாக் கூட கேட்பாங்க. கேட்கக் கூடாத கேள்விதான், ஆனா கேட்டா உட்கார்ந்த இடத்துல பதில் சொல்லியாகணும்.

கோபப்பட்டா அந்தக் கோபம்தான் அவங்க நினைவுல நிக்கும். தலையைக் குனிஞ்சா, செய்யாத தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். உண்மையை ஒரே வரியில ஒத்துக்கிட்டு, உடனே ஊரைப் பத்தி தெரிஞ்ச இன்னொரு விஷயத்துக்குப் பேச்சைத் திருப்பறதுதான் நல்லது. உதாரணத்துக்கு:

"ஆமா சார், பெரிய துயரம் அது. அதுக்கப்புறம் உயர் நீதிமன்றமே கல்வராயன் மலை மக்களோட நிலைமையைத் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. எங்க ஊர்ல பெரும்பாலும் விவசாயம் சார். மரவள்ளி போடறோம், சேலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகுது. லோடு ஏத்தறது, எடை பார்க்கறது, கணக்கு எழுதறது எல்லாம் எங்க வீட்டுல நான்தான் சார்."

கடைசி வரியைக் கவனிங்க. எடை பார்த்து, கணக்கு எழுதினவர் ரேஷன் கடை வேலைக்கோ, குடோன் வேலைக்கோ ஏற்கெனவே பாதி பழகினவர்னு அர்த்தம். வீட்டு வேலையை 'அனுபவம்'னு சொல்லவே நம்ம பிள்ளைகளுக்குக் கூச்சம். உண்மையா செஞ்சதா இருந்தா தாராளமா சொல்லலாம். செய்யாததைச் சொன்னா அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்குவாங்க: "ஒரு மூட்டை எத்தனை கிலோ?"

'உங்களைப் பற்றிச் சொல்லுங்க'ன்னு கேட்டாலும் இதே கதைதான். பயோடேட்டாவை ஒப்பிக்க வேணாம், அது அவங்க கையிலேயே இருக்கு. பேர், ஊர், படிப்பு ஒரு வரி. செஞ்ச ஒரு காரியம் ரெண்டு வரி. இந்த வேலை ஏன்னு ஒரு வரி. ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடணும். சொந்த மாவட்டம் பத்தின கேள்வியும் வரலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைச்சதைத் தெரிஞ்சு வச்சிருந்தா நல்லது.

இங்கிலீஷ் வரலைன்னா?

யுபிஎஸ்சி ஆளுமைத் தேர்வுலயே தமிழில் பேச இடமிருக்கு. தனியார் கம்பெனியில் ஆங்கிலத்தில் ஆரம்பிச்சா, "சார், தமிழ்ல சொல்லலாமா?"ன்னு ஒருமுறை மரியாதையா கேட்கலாம். பாதி இங்கிலீஷில் தொடங்கி நடுவுல திணறி நிக்கறதைவிட அது எவ்வளவோ மேல். கேள்வி புரியலைன்னா "இன்னொரு தடவை சொல்றீங்களா சார்?"ன்னு கேட்கலாம். தெரியலைன்னா "தெரியல சார்" போதும். மழுப்பினா கண்டுபிடிச்சிடுவாங்க.

முந்தின நாளே செய்ய வேண்டியவை

காலை நேர்காணல்னா முடிஞ்சவரை முந்தின இரவே கள்ளக்குறிச்சிக்கு வந்து சொந்தக்காரங்க, நண்பர்கள் வீட்டுல தங்கிடறது நல்லது. முடியாதவங்க இன்னொரு சட்டையைப் பையில வச்சுக்கிட்டு, இறங்கின பிறகு மாத்திக்கலாம். புதுசு வேணாம், துவைச்சு தேய்ச்சது போதும்.

சான்றிதழ் விஷயம்தான் பலரையும் கடைசியில கவிழ்க்குது. மலையாளி சமூகத்தினர் பழங்குடியினர் பட்டியலில் வர்றாங்க. அந்தச் சாதிச் சான்றை வழங்கறது தாசில்தார் இல்ல, வருவாய் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் ஆகும், அழைப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினா கைக்குக் கிடைக்காது. தமிழ் வழியில் படிச்சவங்க, 20 சதவீத முன்னுரிமைக்கான சான்றைப் படிச்ச பள்ளி, கல்லூரியில் முன்கூட்டியே வாங்கி வைக்கணும். மதிப்பெண் பட்டியலுக்கும் ஆதாருக்கும் இனிஷியல் ஒத்துப்போகுதான்னும் ஒரு தடவை பார்த்துக்கலாம்.

இன்னொன்னு, மலையில பல இடத்துல சிக்னல் கிடையாது. அழைப்பு எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோதான் வரும். விண்ணப்பத்துல, கீழ்நாட்டுல இருக்கிற நம்பகமான ஒருத்தரோட நம்பரையும் மாற்று எண்ணா கொடுத்து வைக்கலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. 'இன்டர்வியூல பாஸ், டெபாசிட் கட்டுங்க'ன்னு போன் வந்தா பணம் அனுப்ப வேணாம். முதல்ல மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துல விசாரிங்க.