மத்தி மீனும் பச்சைக் கொழுந்தும்

கைபேசி வந்தா விவசாயிக்கு விலை தெரிஞ்சிடும், விலை தெரிஞ்சா பேரம் பேசுவான், இடையில இருக்கிறவர் காணாமப் போயிடுவார். இப்படி ஒரு கதை இருபது வருஷமா சுத்திக்கிட்டிருக்கு. சென்னை நண்பர்கள் என்கிட்டயும் சொல்லியிருக்காங்க. கதை உண்மைதான். ஆனா அது நடந்த ஊர் வேற.

1997-க்கும் 2001-க்கும் நடுவில் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரையோரம் கைபேசிக் கோபுரங்கள் வந்தன. மத்தி பிடிக்கிறவர்கள் கடலிலிருந்தே போன் போட்டு, எந்தக் கரையில் வாங்க ஆள் நிற்கிறது என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் இதைக் கணக்கெடுத்து 2007-ல் எழுதினார். கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சுருங்கியது. வாங்க ஆளில்லாமல் வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமலே போனது. இதில் இன்டர்நெட்டே கிடையாது, வெறும் பேச்சு. ஆனாலும் வேலை செய்தது, ஏன்னா படகைத் திருப்ப முடியும்.

கொழுந்தைத் திருப்ப முடியாதுங்க. பறிச்ச கொழுந்து மூட்டைக்குள்ளேயே சூடாகிச் சிவக்க ஆரம்பிச்சிடும். அன்னைக்கே ஃபேக்டரிக்குப் போயாகணும். சாயங்காலம் ஹட்டிக்கு வர்ற ஏஜெண்ட் வண்டிதான் வழி. எடை போடும்போது விலை என்னன்னே தெரியாது. தூளாகி, ஏலம் போய், மாசம் முடிஞ்சு தேயிலை வாரியம் சராசரி விலையை அறிவிச்ச பிறகுதான் கிலோவுக்கு எவ்வளவுன்னு தெரியும். அதுக்குள்ள உரம், கல்யாணம், ஸ்கூல் ஃபீஸ்னு ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருப்போம். இன்னொரு ஃபேக்டரி ரெண்டு ரூபாய் கூடத் தருதுன்னு போன் சொன்னா, அதை வெச்சு நான் என்ன செய்ய?

கைபேசி வந்த நேரமும் பாருங்க. குன்னூரில் தேயிலை ஏலம் 1963-லிருந்து நடக்கிறது. 1998-க்குப் பிறகு விலை சரிஞ்சு, சிறு விவசாயி தோட்டத்தைக் கவாத்து பண்ணவே காசில்லாமல் நின்ற காலம். பி.எஸ்.என்.எல். கைபேசி 2002 அக்டோபரில் வந்தது, மலைக்கும் ஏறியது. ஏலமும் கம்ப்யூட்டருக்கு மாறியது. ஏலத்தின் அந்தப் பக்கம் திரை வந்தது; இந்தப் பக்கம் அதே தராசு, அதே துண்டுச் சீட்டு.

2018 ஏப்ரலில் 'உழவன்' செயலியைத் தமிழக அரசு விட்டது. சந்தை விலை, மழை, மானியம் எல்லாம் தமிழில். நல்ல விஷயம். கேத்தி பக்கம் கேரட் போடுற என் மச்சினன் மேட்டுப்பாளையம் மண்டி விலையைப் போனில் கேட்காமல் கேரட் பிடுங்க மாட்டான். கேரட் மண்ணுக்குள்ளேயே சில நாள் காத்திருக்கும், அதனால் விலைச் செய்தி அவனுக்குக் காசு. தேயிலையோ வேளாண் துறையிலேயே வராது. வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ். அவர்களும் 'சாய் சஹ்யோக்' என்று ஒரு செயலி விட்டார்கள். பெயரைச் சரியாகச் சொல்லவே எங்க ஊர்ப் பெரியவங்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

அப்புறம் கை. மழையில பிளாஸ்டிக் தாளைச் சுத்திக்கிட்டு, கறை படிஞ்ச ஈர விரலோட கொழுந்து எடுக்கிற பெண், தொடுதிரையில எத்தனை தடவை தட்டுவாங்க? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அது மாதிரி நாளில் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். எந்தச் சேவை அவசரமோ அது அப்போதான் இருக்காது. 2024 மே 7-லிருந்து நீங்க ஊட்டிக்கு எடுக்கிற இ-பாஸ் சிரமமில்லாமல் வருதுன்னா, அதை நீங்க கோயம்புத்தூர்ல காய்ஞ்ச விரலோட, ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து எடுக்கிறீங்க என்பதும் ஒரு காரணம்.

இங்கே நிஜமாகவே ஒட்டிக்கொண்டது வாட்ஸ்அப்பின் குரல் பதிவு. அந்த வசதி 2013-ல் வந்தது. நாங்க வீட்டில் பேசுறது படுகு. அதுக்குன்னு பழக்கத்தில் இருக்கிற எழுத்து கிடையாது. தட்டச்சு செய்யணும்னா தமிழுக்கோ இங்கிலீஷுக்கோ மாறணும். குரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. பட்டனை ஒரு தடவை அழுத்தினா போதும், ஈர விரலுக்கும் சுலபம். சிக்னல் இல்லாட்டி, மேட்டுக்கு ஏறும்போது தானே போய்ச் சேரும். 2023 செப்டம்பரில் கொழுந்துக்கு நியாய விலை கேட்டு உண்ணாவிரதம் நடந்தப்போ, எனக்குச் செய்தி வந்தது அப்படித்தான்.

இப்போ எங்க ஹட்டி குரூப்பில் மாசாமாசம் அவரவர் துண்டுச் சீட்டைப் படம் எடுத்துப் போடுறோம். மழை நாளில் ஈரத்துக்குன்னு எடையில எவ்வளவு கழிச்சாங்க, கடைசியில் என்ன விலை போட்டாங்கன்னு ஃபேக்டரிவாரியா பக்கத்துல பக்கத்துல தெரியும். போன மழைக்காலத்தில் அதைப் பார்த்துட்டு பதினாலு பேர் வண்டியை மாத்தினோம். முன்பணம் பாக்கி இருந்த ஆறு பேர் பழைய வண்டிக்கே போடுறாங்க.