ஏலக்காய் எண்ணெய்

இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஏலச்செடியின் விதைகளை நீராவியில் வடித்துப் பெறப்படும், எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய் ஏலக்காய் எண்ணெய் எனப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பிறப்பிடமாகக் கொண்ட இச்செடி, கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே எழும் ஏலமலையில் பெருமளவில் பயிராகிறது. தோட்டங்களில் பெரும்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் இருந்தாலும், போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக வேலைக்கு மலையேறுவோரும், காயைத் தரம் பிரித்து வாங்கி விற்கும் போடிநாயக்கனூர் வணிகரும் தேனி மாவட்டத்தினர்.

ஏலத்தின் மருத்துவப் பயன்பாடு தொன்மையானது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான, கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி, ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயரையே தாங்கியுள்ளது. பின்னாளில் திருவிதாங்கூர் அரசு ஏலக்காய் வணிகத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தபோது விளைச்சல் ஆலப்புழைக்குச் சென்றது. ‘ஆலப்பி கிரீன்’ என்ற தரப்பெயர் அக்காலத்தின் எச்சம்.

இவ்வெண்ணெயின் வேதியியல், நீலகிரித் தைலம் எனப்படும் தைலமர எண்ணெயின் வேதியியலோடு பிணைந்தது. பிரெஞ்சு வேதியியலர் க்ளோயஸ் 1870-இல் தைலமர எண்ணெயின் முதன்மைப் பொருளுக்கு யூகலிப்டால் எனப் பெயரிட்டார். டெர்பீன்கள் எனப்படும் நறுமணச் சேர்மங்களை ஆராய்ந்து 1910-இல் நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வாலாக் அதையே சினியோல் என்று அழைத்தார். மருந்துத் தரமுள்ள தைலமர எண்ணெயில் சினியோல் சுமார் 70 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க, ஏலக்காய் எண்ணெயில் அது ஏறத்தாழ 20 முதல் 50 விழுக்காடு வரையே இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பங்கு ஆல்ஃபா-டெர்பினைல் அசிட்டேட் என்ற இனிய மணமுள்ள எஸ்டர், அதாவது அமிலமும் ஆல்கஹாலும் இணைந்த சேர்மம். மூக்கில் ஏறும் குளிர்ச்சி முன்னதாலும் இனிமை பின்னதாலும் வருவதால், ஏலத்தின் மணம் தைலத்தைப்போலக் காட்டமாக இருப்பதில்லை.

சினியோல் சளியை இளக்கி அழற்சியைத் தணிக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையைச் சார்ந்திருந்த 32 ஆஸ்துமா நோயாளிகளிடம் ஜெர்மனியில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், சினியோல் உட்கொண்டோரால் அம்மாத்திரையின் அளவைக் கணிசமாகக் குறைக்க முடிந்தது. எனினும் இது தூய சினியோலுக்கான சான்று. ஏலக்காய் எண்ணெய்க்கு இதை அப்படியே பொருத்துவது முறையாகாது. தைலமர எண்ணெயைக் குழந்தைகள் சில மில்லிலிட்டர் விழுங்கினாலே வலிப்பும் மயக்கமும் நேரக்கூடும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் ஏலரிசி எனப்படும் விதையின் மேலுறையை ஒட்டிய நுண்ணறைகளில் தங்கியிருக்கிறது. பச்சைத் தோலில் அது அநேகமாக இல்லை. ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் சுமார் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு நாள் உலர்த்தும்போது ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. சூடு மிஞ்சினால் தோல் வெடித்து எண்ணெய் ஆவியாகிறது. நறுமணப் பொருள் வாரியம் 2007-இல் போடியில் மின்னணு ஏலமுறையைக் கொண்டுவந்த பிறகும், விலை பெரிதும் தோலின் பசுமை, காயின் பருமன், லிட்டர் எடை (ஒரு லிட்டர் கொள்ளளவுக் காயின் எடை) ஆகியவற்றை வைத்தே அமைகிறது. சல்லடையில் தங்கும் எட்டு மில்லிமீட்டர்க் காய் உயர்ந்த விலைக்குப் போக, நிறம் வெளுத்த காய் உள்ளே நல்ல அரிசி இருந்தும் மலிவாகி, எண்ணெய் வடிப்போரிடம் சேர்கிறது.