ஹார்ட் டாக்: விடாத கேள்விகள்

ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அரை மணி நேரம். 1997-ல் பிபிசி தொடங்கிய ஹார்ட் டாக் அவ்வளவுதான். மழுப்பினால் அதே கேள்வி திரும்ப வரும். முதலில் டிம் செபாஸ்டியன், 2005-லிருந்து ஸ்டீபன் சாக்கர். உலக சேவை வானொலியிலும் ஒலித்தது.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருப்பது 2004. ஹார்ட் டாக் இந்தியாவில் கரண் தாப்பர் ஜோசிய நம்பிக்கை வரை கிளற, முதல்வர் ஜெயலலிதா கடுப்பாகிவிட்டார். உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்று அவர் முடிக்க, எனக்கு இல்லை என்று சொல்லி 'நமஸ்தே' போட்டார். அவர் மழுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்!

சில சமயம் அடி திரும்பியும் விழும். 2024-ல் கயானாவின் எண்ணெய் எடுப்பால் வெளியாகும் கார்பனைப் பற்றி சாக்கர் கேட்டார். அதிபர் இர்ஃபான் அலி இடைமறித்தார். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சேர்ந்த அளவுக்குக் காட்டைக் காத்து வைத்திருக்கிறோம், எங்களுக்குப் பாடம் எடுக்க உங்களுக்கு என்ன உரிமை என்றார். வளரும் நாடுகளில் அந்தத் துண்டு வீடியோ பறந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் பிபிசி செய்திப் பிரிவு 2.4 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கக் கணக்குப் போட்டது. 130 வேலைகள், கூடவே ஹார்ட் டாக். இரண்டு நாற்காலிக்கு அவ்வளவு செலவா? கேள்விகளைத் தோண்டி எடுக்க ஒரு குழுவே வேண்டுமே. 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள்.