மைஎஸ்கியூஎல் நிர்வாகி அணுக்க மீட்பு

மைஎஸ்கியூஎல் நிர்வாகி அணுக்க மீட்பு என்பது, மைஎஸ்கியூஎல் தரவுத்தள வழங்கியின் முதன்மை நிர்வாகிக் கணக்கான 'ரூட்' கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனாலோ, அதனை அறிந்தவர் பணியிலிருந்து விலகிவிட்டாலோ, வழங்கியின் கட்டுப்பாட்டை மீண்டும் பெறும் செயன்முறை ஆகும். இதற்காக வழங்கி சிறிது நேரம் நிறுத்தப்படுகிறது, தரவுகள் அழிவதில்லை.

பின்னணி

மைஎஸ்கியூஎல் 1995 ஆம் ஆண்டில் சுவீடனில் வெளியிடப்பட்டது. 2010 முதல் இது ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமையாக உள்ளது. இதன் ரூட் கணக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் ரூட் கணக்கிலிருந்து வேறானது. கடவுச்சொற்கள் ஒருவழிச் சுருக்கமாக மாற்றப்பட்டே சேமிக்கப்படுகின்றன. எனவே பழைய கடவுச்சொல்லைப் படித்தறிய இயலாது. புதியதை இடுவதே வழி.

வழிமுறைகள்

உபுண்டு போன்ற சில வழங்கல்களில், இயங்குதள நிர்வாகியாக நுழைந்தவரைக் கடவுச்சொல் கேளாமலே ரூட் கணக்கு ஏற்றுக்கொள்ளும். ஆகவே முதலில் இதனைச் சோதிக்க வேண்டும். இல்லையெனில் இரு வழிகள் உள்ளன.

1. தொடக்கக் கோப்பு: கடவுச்சொல்லை மாற்றும் 'ஆல்டர் யூசர்' கட்டளை ஓர் உரைக்கோப்பில் எழுதப்படுகிறது. வழங்கி நிறுத்தப்பட்டு, 'இனிட்-ஃபைல்' என்னும் தெரிவின் வழியாக அக்கோப்புடன் தொடங்கப்படுகிறது. புதிய கடவுச்சொல் அதில் வெளிப்படையாக இருப்பதால், பணி முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும்.

2. உரிமைச் சோதனையின்றித் தொடங்குதல்: 'ஸ்கிப்-கிராண்ட்-டேபிள்ஸ்' தெரிவுடன் தொடங்கினால், இணைபவர் எவருக்கும் முழு உரிமை கிடைக்கும். 'ஃப்ளஷ் பிரிவிலேஜஸ்' கட்டளையால் உரிமை அட்டவணைகளை ஏற்றிய பின்னரே கடவுச்சொல்லை மாற்ற இயலும். 8.0 பதிப்பில் இத்தெரிவு பிணைய இணைப்புகளைத் தானாகவே தடுக்கிறது. முந்தைய பதிப்புகளில் அதனைத் தனியே தடுக்க வேண்டும். தவறினால் அந்நேரத்தில் வெளியார் உள்நுழையக்கூடும்.

இரு வழிகளிலும், இறுதியில் வழங்கியை நிறுத்தி இயல்பான முறையில் மீண்டும் தொடங்க வேண்டும்.

பதிப்பு வேறுபாடுகள்

பழைய கையேடுகள் 'யூசர்' அட்டவணையின் 'பாஸ்வேர்ட்' நிரலை நேரடியாக மாற்றச் சொல்கின்றன. 5.7 பதிப்பில் அந்நிரல் நீக்கப்பட்டது. 'பாஸ்வேர்ட்' செயற்கூறும் 8.0 பதிப்பில் நீக்கப்பட்டது. எனவே அக்கட்டளைகள் புதிய பதிப்புகளில் பயன்படா.

பாதுகாப்பு

மேற்கண்ட வழிகள் மென்பொருளின் வழுக்கள் அல்ல. இயங்குதள நிர்வாகிக்கு எனவே அமைக்கப்பட்டவை. மாறாக, 2012 இல் வெளியான ஒரு வழுவினால், மைஎஸ்கியூஎல், மரியாடிபி ஆகியவற்றின் சில தொகுப்புகளில் தவறான கடவுச்சொல்லும் ஏறத்தாழ 256 முயற்சிகளுக்கு ஒருமுறை ஏற்கப்பட்டது. அவ்வழு பின்னர் திருத்தப்பட்டது.

கணினியின் நிர்வாகி உரிமை உடையவர் தரவுத்தளத்தையும் திறக்க முடியும் என்பதே இச்செயன்முறையால் விளங்குவது. ஆகவே தரவுத்தளக் கடவுச்சொல்லை மட்டும் நம்பாமல், அது இயங்கும் கணினியின் கணக்குகளையும் காப்புப் படிகளையும் பாதுகாப்பது இன்றியமையாதது.