ஒரு பிடி மணலும் பல துறை ஆராய்ச்சியும்



திருவொற்றியூர்க் கடற்கரையை அடுத்த ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருவொற்றியூர் கல்விக்குப் பழைய ஊர். அவ்வூர்க் கோயிலிலே சோழர் காலத்தில் பாணினியின் இலக்கணத்தைக் கற்பிப்பதற்கென ஒரு மண்டபம் இருந்தது என்று கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அத்தகைய ஊரில் ஆசிரியனாக இருந்ததில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால், இன்று நான் பேச வந்தது பெருமையைப் பற்றி அன்று. விடை சொல்ல இயலாது நின்ற ஒரு நாளைப் பற்றி.

1990களின் தொடக்கத்தில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். துறைமுகம் கட்டப்பட்ட பின்னரே அதற்குத் தெற்கே மெரினாக் கடற்கரை இத்துணை அகலம் பெற்றது என்றும், வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் நோக்கிச் செல்லும் கரையைக் கடல் அரிக்கலாயிற்று என்றும் கூறினேன். மீனவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "சார், மெரினாவுல கெடக்குற மணலு நம்ம மணலா சார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவன் முகத்தில் நகைப்பு இல்லை. அவன் பிறந்த தெருவின் பெயர் எங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது. ஊரிலே அத்தெரு இல்லை. கடல் அதனைக் கொண்டுபோய்விட்டது.

"நாளைக்குச் சொல்கிறேன், உட்கார்" என்றேன். அந்த நாளை வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஏனெனில் அவ்வினாவுக்கு வரலாறு மட்டும் விடை தராது. மணல் எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது, எவ்வளவு காலமாக நகர்கிறது என்றெல்லாம் அறியவேண்டும். தேடத் தொடங்கியபோது ஒரு வியப்பு எனக்குக் காத்திருந்தது. நம் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடக்கும் மணலை மூன்று துறையினர், மூன்று வேறு நூற்றாண்டுகளில், மூன்று வேறு வினாக்களோடு அணுகியிருக்கின்றனர். பொருள் ஒன்றே, ஆராய்ச்சியோ பல. அம்மூன்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கல்வித் துறை. ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கென ஏற்பட்ட இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். ஒரு நாள் காலை குதிரையேறிச் சென்றவர், நம் நாட்டுப் பள்ளி ஒன்றைக் கடக்கையில், சிறுவர்கள் தரையிலே மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். நமக்கு அது புதுமையன்று. நம் பாட்டனார் காலம் வரை திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவு மணலில்தான் தொடங்கியது. வழிப்போக்கர்கள் பலர் அதனைக் கண்டிருப்பர். பெல் மட்டும் நின்று பார்த்தார்.

தம் பள்ளியிலும் அவ்வாறே அரிச்சுவடி கற்பிக்கவேண்டும் என்று அவர் சொன்னபோது, உதவி ஆசிரியர் அது இயலாது என்றார். பெல் அவரோடு வழக்காடவில்லை. ஏறத்தாழ எட்டு வயதுடைய ஜான் பிரிஸ்கென் என்ற மாணவனை அழைத்து, கீழ் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் கற்பித்தான், சிறியோர் கற்றனர். மாணவனே மாணவனுக்கு ஆசான் ஆகும் அம்முறையைப் பெல் படிப்படியாக விரிவாக்கி, விளைவைக் குறித்துக்கொண்டு, தாயகம் திரும்பியபின் 1797இல் லண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலின் தலைப்பே 'கல்வியில் ஒரு பரிசோதனை' என்று பொருள்படுவது. மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லும் வழக்கத்தையும், அவனுக்குச் 'சட்டாம்பிள்ளை' என்ற பெயரையும் நாம் அறிவோம். அவ்வழக்கம் 'சென்னை முறை' என்ற பெயரோடு கடல் கடந்து இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலே 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயருடன் ஒரு பள்ளி இன்றும் நடைபெறுகின்றது.

ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் இதன் மறுபக்கத்தையும் நான் சொல்லவேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அவசியமில்லை என்ற கருத்தைப் பிற்காலத்தில் பெல்லே எழுதினார். நூற்றுக்கணக்கான சிறுவர்களை ஒரே ஆசிரியர் குறைந்த செலவில் மேய்ப்பதற்குரிய கருவியாக அம்முறை பல இடங்களில் சுருங்கிவிட்டது. 'எவ்வாறு விரைவிற் கற்பிப்பது?' என்ற வினாவுக்கு விடை கிடைத்தது. 'எதுவரை கற்பிப்பது? யாருக்காக?' என்ற வினாக்கள் எஞ்சி நின்றன.

இரண்டாவது, பொறியியல். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலே தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் அலைகளைக் கடந்து சென்று ஆளையும் சரக்கையும் கரை சேர்க்கும். இந்த இடரை நீக்க, கரையிலிருந்து கடலுக்குள் இரு பெருஞ்சுவர்களை நீட்டி இடையே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கும் திட்டத்தை வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் வகுத்தார். 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பரில் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். புயலினும் பெரிய பகை மணல் என்பது பின்னரே தெளிவாயிற்று.

மணல் நகரும் விதத்தைக் கேளுங்கள். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து வருகிறது. சாய்ந்து ஏறும் அலை மணலையும் சாய்வாக மேலே தள்ளுகிறது. திரும்பும் நீரோ அதனை நேராகக் கீழே இழுக்கிறது. இவ்வாறு மேலும் கீழுமாக, இரம்பத்தின் பற்களைப் போன்ற பாதையில், ஒவ்வொரு மணல்துகளும் சிறிது சிறிதாகக் கரையோரம் பயணம் செய்கிறது. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து வருவதால் மணல் வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்களில் தெற்கு நோக்கித் திரும்பும். வரவு செலவு பார்த்தால், ஆண்டின் முடிவில் வடக்கே செல்வதே மிகுதி. அப்பயணத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் எழுந்தது. வரும் மணல் தெற்கே தங்கியது, கடற்கரை அகன்றது. அங்கே 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அமைத்த உலாச் சாலையே மெரினா.

1904 முதல் துறைமுகப் பணிக்குத் தலைமை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், மணல் கிழக்கு நுழைவாயிலை நெருங்குவதைக் கண்டு, அவ்வாயிலை அடைத்து வடகிழக்கிலே புதிய வாயிலை அமைத்தார். சென்னைத் துறைமுகத்தருகே மணல் நகர்வதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1913இல் லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. சிறந்த ஆராய்ச்சி அது. ஆனால் அதன் வினா, 'துறைமுக வாயில் தூர்ந்துபோகாமல் காப்பது எவ்வாறு?' என்பது. வடக்கே கரையில் வாழ்பவர்களின் வினா வேறு. வரவேண்டிய மணல் வாராதபோது, அலை தன் பசிக்குக் கரையையே உண்ணும். அடுத்த நூறு ஆண்டுகளில் இராயபுரத்துக்கு வடக்கே சில நூறு மீட்டர் நிலம் கடலுக்குள் சென்றது. கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பியபோது சாலை பிழைத்தது. கட்டுமரத்தை ஏற்றி வைக்க மணல்தரை இல்லாமற் போயிற்று. 2000களின் முதற்பகுதியில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக் கடற்பொறியியலார் வகுத்த முறைப்படி, கடலுக்குள் நீளும் கற்கரைகள் வரிசையாகக் கட்டப்பட்டன. மக்கள் அவற்றைத் 'தூண்டில் வளைவு' என்பர். அவற்றினிடையே சில இடங்களில் மணல் மீண்டும் சேர்ந்தது. ஓரிடத்தில் மணலைப் பிடித்தால் அடுத்த இடத்தில் அது குறையும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மூன்றாவது, தொல்பொருளியல். கடற்கரை மணலுக்கு ஆறுகளே தாய். எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசத்தலையாற்றின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால், சென்னைக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரை அடையலாம். இந்தியப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே மாதத்தில் பல்லாவரத்திலே பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவரோடு அத்திரம்பாக்கத்தில் பல கருவிகளைக் கண்டார். அவற்றின் வயதைக் கணிக்க அக்காலத்தில் வழியில்லை.

1999 முதல் அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அகழாய்வு நடத்தினர். வயதைக் கணிக்க அவர்கள் பௌதிக விஞ்ஞானத்தின் துணையை நாடினார்கள். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் சில அரிய அணுக்களைத் தோற்றுவிக்கும். கல் புதைந்தபின் அவை தத்தம் வேகத்தில் அழியும். எஞ்சியதை அளந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்று 2011இல் அறிவித்தனர். மற்றொரு முறையும் உண்டு. வெயிலிற் கிடக்கும் மணல்துகள் புதைந்தபின், மண்ணிலுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகத் தன்னுள் சேர்த்துவைக்கும். ஆய்வகத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சினால், அச்சேமிப்பை மெல்லிய ஒளியாக உமிழும். அதனை அளந்தால், அத்துகள் கடைசியாக எப்போது கதிரவனைக் கண்டது என்பது தெரியும். அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் துணையோடு நடந்த இவ்வாய்வினால், அத்திரம்பாக்கத்தில் புதியதோர் கருவி செய்யும் நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018இல் அறியப்பட்டது. மண்வெட்டியும் கதிரியக்க அளவியும் சேர்ந்து பெற்ற விடை இது. ஒன்றில்லாமல் மற்றொன்றால் ஆகியிராது.

இவ்வளவும் படித்து அறிந்தபின், ஓய்வு பெறும் ஆண்டில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அந்தப் பழைய மாணவனைக் கண்டேன். விசைப்படகில் தொழில் செய்யும் குடும்பத்தலைவன் ஆகியிருந்தான். நான் கடன்பட்ட விடையைச் சொன்னேன்: "மணல் எந்த ஊருக்கும் சொந்தமில்லை, தம்பி. அது வழிப்போக்கன். ஆனால் நம்மிடம் வந்து தங்கிப் போகவேண்டிய மணல்தான் அங்கே நின்றுவிட்டது. நீ கேட்டது சரியான கேள்வி."

அவன் புன்னகைத்தான். "அதத்தான் சார் எங்க தாத்தா அப்பவே சொல்லுவாரு. செவுரு கட்டி மணல நிறுத்திப்புட்டான்னு. அவரு சொன்னது மெய்யான்னு தெரிஞ்சிக்கத்தான் உங்களக் கேட்டேன்" என்றான்.

மாணவர்களே, அன்று எனக்கு ஏற்பட்ட நாணத்தை மறைக்க விரும்பவில்லை. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்கும் வடக்கிலிருந்து வரும் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்து வாழ்கின்ற மக்களின் நடுவே நான் முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன். "உன் வீட்டிலே என்ன சொல்கிறார்கள்?" என்று அச்சிறுவனை ஒரு சொல் கேட்கவில்லை. குதிரையில் வந்த அந்நியர் ஒருவர் நம் பள்ளியின் முன் நின்று பார்த்தார். நானோ நில்லாமற் கடந்து சென்றேன்.

நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் பௌதிக விஞ்ஞானிகள் ஆவீர்கள். சிலர் என்னைப்போல் ஆசிரியர் ஆவீர்கள். துறைகள் பலவாக இருப்பது நன்றே. ஒவ்வொரு துறையும் தன் வினாவைக் கூர்மையாகக் கேட்கவேண்டும். ஆனால் தன் வினாவுக்கு விடை கண்டவுடன், அடுத்த துறையினரையும், அவ்விடையின் பயனையோ பாரத்தையோ சுமக்கப்போகும் மக்களையும் கேட்டறியவேண்டும். அவ்வாறு கேளாத விடை பாதி விடையே ஆகும்.

இன்று மாலை கடற்கரைக்குச் செல்பவர்கள் ஒரு பிடி மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிறகு, அருகே வலை பின்னும் பெரியவர் ஒருவர் இருந்தால், அவரிடம் பணிவோடு ஒரு வினாக் கேளுங்கள். உங்கள் ஆராய்ச்சி அங்கே தொடங்கட்டும்.