மல்லாரி வளரும் விதம்

மலர் என்றால் பழைய ஹாஸ்டல் கதைதான் எழுதணுமா? நான் நாகசுரம் பற்றி எழுதுகிறேன்.

ராசிபுரத்துக்காரன் எனக்கு சாமி புறப்பாடு என்றாலே நாகசுரம்தான். காவிரிக் கரைக் கோயில்களில் செழித்த புறப்பாட்டு இசை மல்லாரி. பாட்டு வரி கிடையாது, வாத்தியத்துக்கென்றே பிறந்தது. ராகம் கம்பீரநாட்டை. ச, க, ம, ப, நி என்று ஐந்தே சுரம். அதில் ஒரு சின்னச் சுரக்கோவை, அவ்வளவுதான் மூலதனம். அதையே முதல் காலத்தில் நிதானமாக, அடுத்து இரட்டித்து, பிறகு நாலு மடங்காக வாசிப்பார்கள். திஸ்ர நடையும் உண்டு. தாளம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். நம்ம கியர்பாக்ஸ் மாதிரி! (மெக்கானிக்கல்காரன் புத்தி.) தேருக்குத் தேர் மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி என்று வகைகள் வேறு. தோடி என்றால் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) என்பார்கள். என் ஓட்டு மல்லாரிக்குத்தான். 20ஆம் நூற்றாண்டில் அது பரதநாட்டிய மேடையும் ஏறியது.

கோயிலில்தான் குறைகிறது. பல இடங்களில் இப்போது மோட்டார் மேளம். ஸ்விட்சைப் போட்டால் ஒரே வேகம், ஒரே சத்தம். நம்ம ஆளுக யாரோ செஞ்ச மெஷின்தான். அதுக்கு மூணு காலம் தெரியாது. ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை எழுதும்போது நாகசுரம், தவில்காரர்களுக்கென்று தனியாக ஒரு தொகை எழுதுங்களேன்.