நிப்பாட்டின பிறகு வந்த வலிப்பு

"ஆம்பிளையெண்டால் இண்டைக்கே நிப்பாட்டிக் காட்டு." இந்த வசனம் கேட்காத வீடுகள் எங்கட பக்கத்தில் குறைவு. கந்தசஷ்டிக்கு, ஐயப்ப மாலைக்கு, மகளின் கலியாணத்துக்கு எண்டு நாள் குறித்து நிப்பாட்டுவார்கள். எப்போதாவது குடிக்கிறவருக்கு இதால் ஒண்டும் நடக்காது. ஆனால் வருசக்கணக்காக ஒவ்வொரு நாளும், காலமை எழும்பின கையோடு குடிக்கிற ஒருவர் ஒரேயடியாக விட்டால் கதை வேறு. முதல் இரண்டு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும். அதற்குப் பிறகு இல்லாத பூச்சிகள் சுவரில் ஊருவது தெரியும். சுத்தி நிக்கிற சனம் "குடிச்சுக் குடிச்சு நரம்பு போயிட்டுது" என்று சொல்லும்.

குடித்ததால் வந்த வலிப்பா, குடியை விட்டதால் வந்த வலிப்பா? இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்க வைத்திய உலகத்துக்கே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது. பதில் கிடைத்த இடம் ஒரு சிறைச்சாலை. அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

1813 இல் தோமஸ் சட்டன் என்ற ஆங்கில வைத்தியர் ஒரு நூலில் இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்', அதாவது நடுக்கத்தோடு வரும் சித்தப்பிரமை, என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் மூளைக் காய்ச்சல் என்று நினைத்து இவர்களின் இரத்தத்தை வடித்துவிடுவார்கள். சட்டனோ இரத்தம் வடித்தால் நிலைமை மோசமாகிறது, அபின் கொடுத்து நித்திரையாக்கினால் தப்புகிறார்கள் என்று கண்டார். குடிகாரருக்கு வருகிற நோய் என்பது அதோடு தெரிந்துவிட்டது. குடி நின்றதால்தான் வருகிறதா என்பது தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணமும் இருந்தது. குடிகாரர் ஒருவர் எப்போது குடியை நிப்பாட்டுவார்? கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, நிமோனியா வந்து எழும்ப முடியாதபோது, பொலிஸ் பிடித்து மறியலில் போட்டபோது. அப்படியிருக்க, வலிப்பு முறிவால் வந்ததா, காய்ச்சலால் வந்ததா, மது நின்றதால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? சாப்பிடாமல் குடித்ததால் விற்றமின் குறைந்துதான் இப்படி வருகிறது என்று ஒரு சாரார் வாதாடினார்கள். மது நேரடியாக மூளையை நஞ்சாக்குகிறது என்றார்கள் வேறு சிலர். 1953 இல் மொறிஸ் விக்டர், றேமண்ட் அடம்ஸ் என்ற இருவர் பொஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் சேர்ந்த 266 குடிநோயாளரைக் கவனித்து, நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் கடைசிக் குடிக்குப் பிறகு எந்த ஒழுங்கில் வருகின்றன என்று எழுதினார்கள். சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனாலும் அவர்கள் ஏற்கனவே நோயாளிகள்தானே என்ற வாய்ப்பு மிஞ்சியிருந்தது.

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில், லெக்சிங்ரன் நகருக்குப் பக்கத்தில், 1935 இல் அரசாங்கம் ஒரு பெரிய நிறுவனத்தைத் திறந்தது. பாதி ஆஸ்பத்திரி, பாதி சிறை. போதைப்பொருளுக்கு அடிமையான கைதிகளை அங்கே அனுப்பினார்கள். அதற்குள்ளேயே ஆராய்ச்சிப் பிரிவொன்றும் இருந்தது. அதை நடத்தியவர் ஹரிஸ் இஸ்பெல். 1950 இல் அவருடைய குழு ஐந்து ஆண்களுக்கு மாதக்கணக்காக பார்பிற்றுரேட் நித்திரைக் குளிசைகளைக் கொடுத்து, பிறகு சட்டென நிப்பாட்டியது. நாலு பேருக்கு வலிப்பு வந்தது. ஐம்பது வருசமாக உலகம் முழுக்க டொக்டர்மார் தாராளமாக எழுதிக் கொடுத்த குளிசை இது.

அடுத்தது மது. 1955 இல் வெளியான ஆய்வில் பத்துப் பேர். எல்லாரும் முன்பு மோர்பீனுக்கு அடிமையாக இருந்த கைதிகள். நல்ல சாப்பாடும் விற்றமினும் கொடுத்து, பகலும் இரவும் குடிக்கவைத்தார்கள். எங்கட கணக்கில் நாளுக்கு ஒரு போத்தல் சாராயத்தைத் தாண்டும் அளவு. நாலு பேர் ஐந்து கிழமைக்குள் விலகிவிட்டார்கள், அவர்களுக்குப் பெரிதாக ஒண்டும் வரவில்லை. மிச்ச ஆறு பேர் 48 தொடக்கம் 87 நாள் வரை குடித்தார்கள். ஒரு நாள் மது நிறுத்தப்பட்டது. ஆறு பேரும் நடுங்கினார்கள். இரண்டு பேருக்கு வலிப்பு, மூன்று பேருக்குச் சித்தப்பிரமை. விற்றமின் குறைவு என்று இனி யாரும் சொல்ல முடியாது. முறிவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நிப்பாட்டியதுதான் காரணம்.

அழகான ஆய்வு என்று பாடப்புத்தகங்கள் இதைக் கொண்டாடுகின்றன. எங்களுக்கு அப்படி வாசிக்க முடியவில்லை. அந்தப் பத்துப் பேரும் சம்மதித்தவர்கள் என்கிறார்கள். சிறைக்குள் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு பெறுமதி? லெக்சிங்ரனில் ஆய்வுகளுக்கு உடன்பட்ட கைதிகளுக்குச் சம்பளமாகப் போதைப்பொருளே கொடுக்கப்பட்டது என்பது 1975 இல் அமெரிக்க செனட் விசாரணையில் வெளிவந்தது. போதையிலிருந்து மீட்க என்று கட்டின இடத்தில்! அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏக்காக அங்கே எல்எஸ்டி கொடுத்துப் பார்த்ததும் இதே இஸ்பெல்தான். சில காலத்தில் கைதிகள் மீதான ஆய்வுகள் அங்கே முடிவுக்கு வந்தன. ஆனால் இன்று எந்த ஆஸ்பத்திரி வாட்டிலும் குடியை விட்டவருக்கு வலிப்பைத் தடுக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றால், அந்த அறிவில் ஆறு கைதிகளின் நடுக்கமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், மூளையில் பிரேக்கும் இருக்கிறது, அக்சிலரேற்றரும் இருக்கிறது. மது பிரேக்கை அழுத்துகிறது. நித்திரைக் குளிசையும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. மாதக்கணக்காக அப்படி அழுத்தினால், ஓட்டம் நிக்கக்கூடாது என்று மூளை அக்சிலரேற்றரைக் கூட்டிப் பழகிவிடும். மது திடீரெனப் போனால் கூட்டின வேகம் மட்டும் மிஞ்சும். அதுதான் வலிப்பு. இதில் மனவுறுதிக்கு ஒரு வேலையும் இல்லை.

1960 இல் 'லிப்ரியம்' என்ற புதுக் குளிசை சந்தைக்கு வந்தது. பார்பிற்றுரேட் போல ஆபத்தில்லை என்று நம்பினார்கள். அடுத்த வருசமே லியோ ஹொலிஸ்ரர் என்பவர், பெரிய அளவில் நெடுநாள் எடுத்த பதினொரு பேருக்கு அதை நிப்பாட்டியபோது இரண்டு பேருக்கு வலிப்பு வந்ததைப் பதிவு செய்தார். ஆனால் அதே குளிசைதான் மது விட்டவர்களின் வலிப்பைத் தடுக்கும் நல்ல மருந்தாகவும் ஆனது. 1969 இல் 537 பேரோடு நடந்த அமெரிக்க ஆய்வில் வலிப்பு மிகக் குறைவாக வந்தது லிப்ரியம் எடுத்தவர்களுக்கே. இதே குடும்பத்தைச் சேர்ந்த டயசிப்பாம் எங்கட பாமசிகளில் தெரிந்த பெயர். மாதக்கணக்காக அதை எடுக்கிற அம்மம்மாவிடம் "உந்தக் குளிசையைத் தூக்கி எறியுங்கோ" என்று சொல்வதும் ஆபத்துத்தான். டொக்டரின் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய சாமான் அது.

2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தோடு கேரளாவில் மதுக்கடைகள் பூட்டப்பட்டபோது, டொக்டரின் துண்டு காட்டினால் மது தரலாம் என்று மாநில அரசு உத்தரவிட்டது. இதற்கு மருந்து இருக்கிறது, சாராயம் மருந்தில்லை என்று டொக்டர்மார் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2 இல் உயர்நீதிமன்றம் உத்தரவை நிறுத்தி வைத்தது.

எங்கட வீடுகளில் இது பெரும்பாலும் வேறு விதமாக வரும். அப்பாவை ஹேர்னியா ஒப்பரேசனுக்கு வாட்டில் சேர்க்கிறோம். "குடிக்கிறவரோ?" என்று தாதி கேட்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஊராட்கள் இருக்கிறார்கள். "எப்பவாவது, கலியாண வீடுகளில" என்கிறார் அம்மா. மூன்றாம் நாள் இரவு அப்பா ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சுவரில் பாம்பு என்று கத்துகிறார். ஒப்பரேசன் பிழைச்சுப்போச்சு என்று வாட்டுக்கு வெளியே ஒரு கதை தொடங்குகிறது. தாதி முதல்நாள் கேட்டது இதற்காகத்தான்.